ஒற்றைக்கை ஆட்டம்

ஜனவரி 26, ஞாயிறு

அப்புனு, இன்றைக்கு உன்னைப் பார்த்தேன்.

அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்காதே. தாரிகாவின் மேட்சுக்குப் போயிருந்தேன், அங்கேதான். நீ இருந்தவரைக்கும் உன்னையும் தங்கச்சியையும் மேட்சுக்குக் கூட்டிக்கொண்டு போனது அப்பா. எனக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் பனியன் கம்பெனியில் ஓ.டி. வேலை இருக்கும். உன்னைக் கொண்டுபோன அந்த டெங்குக் காய்ச்சலுக்குப் பிறகு அப்பா டென்னிஸ் கோர்ட்டு இருக்கிற தெருப்பக்கம்கூடப் போவதில்லை. கோச் ஜெசிந்தா மேடம்தான் மற்றப் பிள்ளைகளோடு தாரிகாவையும் வேனில் ஏற்றிப் போய்வந்தார். இந்த வாரம் வேன் நிறைந்துவிட்டது. சரி, நானே கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கோயமுத்தூரில் ஒரு காலேஜ் மைதானம். பதினாலு வயதுக்கு உட்பட்ட பெண்பிள்ளைகள் மேட்ச். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் சிமெண்ட் படியில் உட்கார்ந்தேன். எனக்கு ஆட்டம் ஒன்றும் தெரியாது. பந்து வலையில் மாட்டக் கூடாது, கோட்டுக்கு வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான். தாரிகா செர்வ் போட வந்து நின்றாள். பந்தைக் கீழே தட்டினாள். தட்டிவிட்டு மூக்கைத் தோளில் துடைத்தாள்.

அது நீ செய்வது.

அப்புறம் பந்து அவளுக்கு இடது பக்கம் வந்தது. ஒற்றைக் கையால் வீசி அடித்தாள். நம் லைன் வீட்டுச் சந்தில் கயிறு கட்டி இரண்டு பேரும் ஆடுவீர்களே, சமையல்கட்டு ஜன்னலிலிருந்து நான் பார்ப்பேனே, அப்போதெல்லாம் அவள் அந்தப் பக்கத்துப் பந்தை இரண்டு கையாலும் பேட்டைப் பிடித்துத்தான் திருப்புவாள். “ரெண்டு கையில புடிக்கறது பொடுசுக ஆட்டம்” என்று நீ கேலி செய்வாய். கடைசி வருஷம் உனக்குத் தோள் வந்ததும் நீ ஒற்றைக் கைக்கு மாறினாய். இன்றைக்கு அவள் கை நீண்டதும் மார்பு விரிந்ததும் பின்னங்கால் மண்ணில் இழுபட்டதும் எல்லாம் நீயேதான். நான் எழுந்து நின்று கை தட்டினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

தோற்றுவிட்டாள். எதிரே ஆடியது தொப்பி போட்ட ஒரு குட்டைப் பெண். எல்லாப் பந்தையும் வானத்துக்குத் தூக்கித் தூக்கிப் போட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தாரிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கஷ்டமா இருக்குதா அம்மிணி?”

“இல்ல. உனக்குப் புடிச்சிருந்துச்சா?”

“ரொம்பப் புடிச்சிருந்துச்சு.”

முகம் தெளிந்துவிட்டது. தோற்ற பிள்ளை மாதிரியே இல்லை. வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்பளமும் பொரித்தேன். அப்பா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாப்பிட உட்கார்ந்தார்.

ஜனவரி 29

எழுதச் சொன்னது கம்பெனி நர்ஸ் அக்கா. செக்கிங் டேபிளில் உட்கார்ந்துகொண்டு வெள்ளை பீஸ்மேல் அழுது கறையாக்குகிறேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான். “பேசறதுக்கு ஆள் இல்லீன்னா எழுதிப் பாரு துளசிமணி” என்றார் அக்கா. எட்டாவதோடு நின்றவள் நான். பிழை இருந்தால் நீ சிரிப்பாய். சிரி.

பிப்ரவரி 3

அடுத்த மேட்ச் பதினாறாம் தேதி. இந்தத் தடவை வேனில் இடம் இருக்கிறதாம். வேண்டாம், நானே கூட்டி வருகிறேன் என்று மேடத்துக்குப் போன் செய்துவிட்டேன். லீவும் சொல்லியாகிவிட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஈரோடு. அரிசிம்பருப்புச் சோறு கட்டிக்கொண்டு போனேன்.

படியில் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பெருந்துறைக்காரர்.

“ஏனுங்கக்கா, அந்த மஞ்சச் சட்டை உங்க புள்ளைங்களா?”

“ஆமாங்.”

“பையனாட்ட அடிக்குதுங்க.”

அவருக்கு என் டப்பாவிலிருந்து பாதிச் சோறு எடுத்து வைத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றார். விடவில்லை.

பக்கத்துக் கோர்ட்டில் ஆடிய பெண்ணின் அப்பா ஒருவர் வெயிலில் நின்றுகொண்டு, “மேல தூக்கு, மேல தூக்கு” என்று கத்திக்கொண்டே இருந்தார். ஆடும்போது வெளியிலிருந்து யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாதாம். மேட்ச் நடத்துகிறவர் வந்து, “இன்னொருக்காச் சொன்னீங்கன்னா புள்ளைக்குப் பாயிண்டு போயிரும்” என்றார்.

“நான் எங்கீங்க புள்ளைக்குச் சொன்னேன்? என்ற சம்சாரத்துகிட்டக் குடையத் தூக்கச் சொன்னனுங்க.”

அந்தச் சம்சாரம் கையில் குடையே இல்லை. படி முழுக்கச் சிரித்தோம். நானும் சிரித்தேன், அப்புனு.

தாரிகா இன்றைக்கும் தோற்றாள். ஒற்றைக் கையில் அவள் அடித்த நான்கைந்து பந்து கோட்டு ஓரத்தில் விழுந்து தெறித்துப் போனது. அப்போதெல்லாம் கை தட்டினேன். நடுவில் சில பந்தை அவளும் எதிரே ஆடிய பெண்ணைப் போலவே மேலே தூக்கிப் போட்டுப் பார்த்தாள். போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்நேரம் நான் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

ஜெயித்த பெண்ணின் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க பொண்ணு ஆடறதுதாங்க அழகு. எம்பொண்ணு ஆட்டத்தப் பாத்தா எனக்கே தூக்கம் வருதுங்க. ஆனா என்ன பண்றது, பந்து திரும்பித் திரும்பி வந்துருதில்லீங்.”

மார்ச் 5

ஜெசிந்தா மேடம் வரச் சொல்லியிருந்தார். ஷிஃப்ட் முடிந்து அப்படியே போனேன். கோர்ட்டில் கோடு துடைத்துக்கொண்டிருந்தார். என்னை நிழலில் உட்கார வைத்தார்.

“துளசியக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. பத்து பதினோரு வயசுல பையன் ஆட்டத்துக்கும் பொண்ணு ஆட்டத்துக்கும் பெருசா வித்தியாசம் இருக்காது. ரெண்டும் தூக்கித் தூக்கித்தான் போடும். யாரு பொறுமையா நிக்குதோ அது ஜெயிக்கும். அப்ப தாரிகா அவ அண்ணனையே ஜெயிச்சிருக்கா, தெரியுமா?”

“தெரியுங்க. அன்னைக்கெல்லாம் அவன் சோறு திங்காமப் படுத்துக்குவானுங்.”

மேடம் சிரித்தார். கோர்ட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் உன் ஞாபகம் வந்திருக்கும்.

“பதிமூணு தாண்டுனா பையனுக்குத் தோள் வந்துரும். செர்வ் வேகமாயிரும். மூணு நாலு அடியில பாயிண்டை முடிச்சுட்டுப் போயிருவான். இந்த வயசுப் பொண்ணுங்க மேட்ச் அப்படி இல்லக்கா. செர்வ் போடுறவளே பாதி கேமைத் தோக்குறா. வர்ற பந்தையெல்லாம் திருப்பிப் போடத் தெரிஞ்சவதான் கடைசியில ஜெயிக்கிறா. தாரிகாவுக்கு அது கூடவே பொறந்தது. அண்ணன் அடிச்சதையெல்லாம் திருப்பிப் போட்டே வளந்தவ. இப்ப அவ அண்ணன் ஆட்டத்தை ஆடுறா. அந்தத் தோள் அவளுக்கு எங்க இருக்கு? பந்து எகிறித் தோளுக்கு மேல வந்தா ஒத்தைக் கையால ஒண்ணும் பண்ண முடியல. எல்லாப் பொண்ணுங்களும் அதைக் கண்டுபிடிச்சு அங்கயே தூக்கிப் போடுதுங்க.”

“நீங்க சொல்லக் கூடாதுங்களா?”

“ஒரு வருஷமாச் சொல்றேன். சரி மேம்ங்குறா. மேட்சுக்குப் போனா மறுபடி ஒத்தைக் கைதான். இப்ப ரெண்டு மேட்சா உங்களைப் பாத்துப் பாத்து ஆடுறான்னு பிள்ளைங்க சொல்லுதுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பா. மறுபடி ரெண்டு கையில பிடிக்கச் சொல்லுங்கக்கா.”

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 6

சொல்லவில்லை. வீட்டுக்கு வரவே ஏழு மணியாகிவிட்டது.

மார்ச் 8

நாளைக்கு ஞாயிறு. சாவகாசமாகச் சொல்ல வேண்டும்.

மார்ச் 9

குழாயில் தண்ணீர் விட்டார்கள். எல்லாக் குடமும் பிடித்து வைத்தேன். பீரோவிலிருந்து உன் சட்டைகளை எடுத்து வெயிலில் போட்டு, மடித்து, திரும்ப வைத்தேன். பொழுது போய்விட்டது.

மார்ச் 15, சனி

உன் அத்தை வந்திருந்தார். தாரிகா வயதுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. அதிலிருந்து அத்தை வரும்போதெல்லாம் இதே பேச்சு.

“வயசுக்கு வந்த புள்ளைய இப்புடிக் குட்டப் பாவாடை போட்டு வெயில்ல ஓட உட்டீன்னா நாளைக்கு எவன் வந்து கட்டுவான் துளசி?”

தாரிகா உள்ளேயிருந்து, “ஓடிப் புடிக்க முடிஞ்சவன் கட்டிக்கட்டும் அத்தை” என்றாள்.

அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வெளியில் காட்டிக்கொள்ளாமல் காபியை ஊதி ஊதிக் குடித்தார்.

அத்தை போன பிறகு தாரிகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அடுத்த மேட்ச் அவளுக்குத் தூரமான நாளில் வருகிறதாம். வெள்ளைப் பாவாடை வேண்டாம், கறுப்பில் ஒரு ட்ரவுசர் தைத்துக் கொடு என்றாள். போன மாதம் ஒரு பெண் பாதி மேட்சில் அழுதுகொண்டே வெளியே போய்விட்டாளாம். பந்து எங்கே விழுகிறது என்று பார்ப்பாளா, பாவாடையைப் பார்ப்பாளா? கம்பெனி கட்பீஸில் நல்ல கறுப்புத் துணி இருந்தது. இரண்டு தைத்தேன். உள்ளே இன்னொரு மடிப்பு வைத்து.

போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றாள்.

“காலெல்லாம் கனக்குதும்மா. போன வருஷம் ஓடி எடுத்த பந்தை இப்ப எடுக்க முடியல. அண்ணனுக்கு மட்டும் ஆறே மாசத்துல எப்புடித் தோள் வந்துச்சு? எனக்கு வர்றது பூராப் பாரமாத்தான் வருது.”

இடுப்புப் பட்டி இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

மறுபடி முதல் மேட்சிலேயே வெளியே வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்தபோது அப்பா வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். தாரிகா குளிக்கப் போனதும் சொன்னார்.

“ஒம்பதாவது போறா. மே மாசம் ஈரோட்டுல பெரிய மேட்ச் வருதுன்னாளே, அதுல ஏதாச்சும் வந்தாச் சரி. இல்லீன்னா நிறுத்திக்கலாம் துளசி. எதுக்கு அந்தப் புள்ள வாராவாரம் போயித் தோத்துட்டு வரோணும்?”

“நீங்க ஒருக்கா வந்து பாருங். அப்புறம் இப்புடிச் சொல்ல மாட்டீங். அவனாட்டவே அடிக்கறாளுங்.”

துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார்.

“அதுக்குத்தான் வர்லீங்கறேன்.”

கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் பனியனை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் துவைத்தார்.

நிறுத்துவது என்றதும் அடுப்பில் வைத்த பாலை மறந்து பொங்கவிட்டேன். தாரிகாவை நினைத்துத்தான்.

மார்ச் 30

மேடம் போன் செய்தார். சொன்னீர்களா என்றார். சொன்னேன், யோசிக்கிறேன் என்கிறாள் என்றேன்.

ஏப்ரல் 12, சனி

தாரிகா டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போய்விட்டாள். கம்பெனிக்குப் போகிற வழியில் கோர்ட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று போனேன்.

வாசலில் பெரிய தகரக் கதவு இருக்கிறதே, அதன் இடுக்கு வழியாகப் பார்த்தேன். மேடம் வந்திருக்கவில்லை. எட்டு ஒன்பது வயதுப் பொடியன்கள் நாலு பேர் ஒரு பக்கம், இவள் ஒருத்தி ஒரு பக்கம். மாறி மாறி அடிக்கிறார்கள், இவள் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். இந்த மூலைக்கு ஒன்று, அந்த மூலைக்கு ஒன்று. பந்து கீழே நிற்கவே இல்லை. இடது பக்கம் வந்தால் பேட்டை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை மடக்கி, கூடையில் எடுத்துப் போடுவது போலப் போடுகிறாள். நாக்கு நுனி பல்லுக்கு நடுவில். யாரும் இப்படி ஆடி நான் பார்த்ததில்லை. நீ இப்படி ஆடியதில்லை.

“ஐயோ அக்கா, நீ அக்காவா செவுறா?” என்று ஒருவன் மூச்சு வாங்கக் கத்தினான்.

“செவுத்துக்குக் கோவம் வந்தாப் பாத்துக்க” என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது.

கதவைத் தள்ளினேன். கீச்சென்று சத்தம் போட்டது. தாரிகா திரும்பினாள். பந்து அவளுக்கு இடது பக்கம்தான் வந்துகொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் இடது கையை எடுத்துவிட்டாள்.

பந்து வலையில் மாட்டிக்கொண்டது.

டிபன் பாக்ஸைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். புளிச்சோறு.

ஏப்ரல் 13

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். தாரிகா தட்டை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

“அம்மா, இந்த மாசத்தோட நான் அண்ணனைத் தாண்டிட்டேன். அவனுக்கு எத்தனை வயசு இருந்துச்சோ அதை நான் தாண்டியாச்சு. இனிமே அவன் எனக்குத் தம்பி.”

அப்பா செய்தித்தாளைக் கீழே வைத்தார்.

“இனிமே அவந்தான் என்னை அக்கான்னு கூப்பிடோணும்” என்றாள்.

“கூப்பிட்டுட்டாலும்” என்றார் அப்பா.

மூன்று பேரும் சிரித்தோம். நடுவில் யார் முதலில் நிறுத்தியது என்று தெரியவில்லை. அந்தத் தோசை கருகிவிட்டது. அதை நான் சாப்பிட்டேன்.

மே 10, சனி

ஈரோட்டில் இந்த வருஷத்துப் பெரிய மேட்ச் இன்றைக்குத் தொடங்கியது. வந்ததும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் எழுத மாட்டேன்.

எதிரே நின்ற பெண் தாரிகாவைவிட ஒரு சாண் உயரம். முதல் செட் சீக்கிரமே போய்விட்டது. அந்தப் பெண் தூக்கிப் போடுகிறாள், பந்து எகிறித் தாரிகாவின் தோளுக்கு மேல் வருகிறது, இவள் ஒற்றைக் கையை அண்ணாந்து வீசுகிறாள், வெளியே போகிறது. எப்போதாவது ஒன்று சரியாக விழுகிறது. அப்போது படியில் எல்லோரும் ஓகோ என்கிறார்கள். நானும் கை தட்டினேன். கை தானாகப் போகிறது, அப்புனு.

இப்படியே போனால் இன்றோடு முடிந்தது. தோற்றால் அப்பா சொன்னபடி நிறுத்திவிடுவார், இனி நான் இங்கே வரப் போவதில்லை.

இரண்டாவது செட்டில் ஒரு பந்து. தாரிகா பின்பக்கமாகவே ஓடி, வேறு வழியில்லாமல் இரண்டு கையும் சேர்ந்து, உயரத் தூக்கிப் போட்டாள். அது போய் மூலைக் கோட்டுக்கு உள்ளே விழுந்தது. அந்தப் பெண்ணால் எடுக்க முடியவில்லை. பாயிண்டு தாரிகாவுக்கு. அவள் சந்தோஷப்படவில்லை. உடனே என்னைத்தான் பார்த்தாள். கண்ணாடித் தம்ளரைப் போட்டு உடைத்துவிட்டு நிற்கிற பிள்ளை முகம்.

இந்த முகத்தை அவளுக்கு யார் கொடுத்தது?

“ரெண்டு கையிலயே புடி அம்மிணி” என்று கத்தியிருக்கலாம். பாயிண்டு போகும் என்பதற்காக மட்டும் நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. கத்தியிருந்தால் கேட்டிருப்பாள். அதையும் எனக்காகத்தான் செய்திருப்பாள். நான் அங்கே உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அவள் என்ன செய்தாலும் எனக்காகத்தான்.

தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவள் பார்க்கிறபடியேதான் எழுந்தேன். படி இறங்கி, கோர்ட்டைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் புங்க மரத்தடிக்குப் போய்விட்டேன். அங்கேயிருந்து கோர்ட்டு தெரியாது.

அந்தக் குடைக்காரர் அங்கே உட்கார்ந்திருந்தார்.

“என்னுங்க, உங்களையும் தொரத்தி உட்டாங்களா?”

“இல்லீங். நானே வந்துட்டனுங்.”

“நானே வந்தேன்னுதான் நானும் வீட்டுல சொல்லோணும்” என்றார்.

சத்தம் மட்டும் கேட்டது. உன் ஆட்டத்துக்குச் சத்தம் குறைவு. நாலு அடி, முடிந்தது. தாரிகாவும் இத்தனை நாள் அப்படித்தான். கொஞ்ச நேரம் அப்படியே கேட்டது. பிறகு ஒரு பந்து ஆரம்பித்தது, நிற்கவில்லை. டொக், டொக், டொக் என்று போய்க்கொண்டே இருந்தது. ஓவர்லாக் தையல் மெஷின் ஒரே சீராக ஓடுகிற மாதிரி. குடைக்காரர் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். கடைசியில் யாரோ கை தட்டினார்கள். அடுத்த பந்து. அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும்.

வெயில் மரத்தடிக்குள் வந்து என் காலில் விழுகிற வரைக்கும் நின்றேன். நிரப்பிய பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு மறுபடி நிரப்பினேன்.

தாரிகா ஓடி வந்தாள். முகமெல்லாம் செம்மண்.

“எங்கம்மா போனே?”

“தண்ணி புடிக்கப் போனேன்.”

“இவ்வளவு நேரமாவா? மூணாவது செட்டும் முடிஞ்சு போச்சு. ஜெயிச்சுட்டேன்.”

“கேட்டுச்சு.”

பாட்டிலை வாங்கி மடமடவென்று குடித்தாள். குடித்துவிட்டு என்னையே பார்த்தாள். கண்ணைப் பார்த்தால் அழுது கழுவியிருக்கிறேன் என்று தெரிந்திருக்கும்.

“நாளைக்கும் தண்ணி புடிக்கப் போவியா?”

“இல்ல. நாளைக்கு உக்காந்து பாக்கறேன்.”

“அண்ணனாட்ட இருக்காதும்மா” என்றாள், மெதுவாக.

“தெரியும் சாமி.”

பஸ் ஏறுவதற்கு முன்னால் அப்பாவுக்குப் போன் போட்டாள். நான் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன், ஆனாலும் கேட்டது. “அப்பா, நாளைக்கு நீங்க வரலாம்ப்பா. நான் என்னோட ஆட்டந்தான் ஆடுவேன்.”

மே 11, ஞாயிறு

அப்பா வந்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி.

கம்பி வலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தாரிகா ஆட ஆரம்பித்ததும் முதல் இரண்டு கேம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். ஒரு பந்து இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் போய்ப் போய் வந்தது. அவள் இரண்டு கையிலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் போட்டாள். முட்டி மடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஓடிக்கொண்டே. எதிர்ப் பெண் களைத்துப்போய் வலையில் அடித்தாள். அப்பா மெதுவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏம்புள்ள, இவ எப்பத்துல இருந்து இப்புடி ஆடறா?”

“முன்னால இருந்தே ஆடறாளுங். நாமதான் பாக்கலீங்.”

அந்த மேட்சை ஜெயித்தாள். சாயந்திரம் செமி ஃபைனலில் தோற்றாள். ஒரு வயது பெரிய பெண், நல்ல பெண், முடிந்ததும் தாரிகாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு பேராலும் நடக்க முடியவில்லை, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு வந்தார்கள். தோற்றாலும் தாரிகா என் முகத்தைத் தேடவில்லை. நேராகப் போய் மேடத்திடம் எதையோ கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. நிறுத்துவதைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. அடுத்த மேட்ச் எந்த ஊரில் என்று ஜெசிந்தா மேடத்திடம் கேட்டுக்கொண்டார்.

மே 12, திங்கள்

விடிந்துவிட்டது. இரண்டு பேரும் இன்னும் எழவில்லை. தாரிகாவின் கால் வீங்கியிருக்கிறது, எண்ணெய் தடவிவிட்டேன், அப்போதும் எழவில்லை. சோறு ஆகிவிட்டது. கம்பெனி வேனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

நேற்று உனக்கு இதைச் சொல்லவில்லை. முழுக்கச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து மூடி வைத்தேன். இல்லை.

நேற்று காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் அந்தப் படியில் உட்கார்ந்து அவளையே பார்த்தேன். கை தட்டினேன், விசிலடிக்கத் தெரிந்திருந்தால் அதுவும் அடித்திருப்பேன். எனக்குச் சந்தோஷம்தான், பொய்யில்லை. என் பெண் எவ்வளவு அழகாக ஓடுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஆனாலும் ஒரு பந்திலாவது நீ வருவாய் என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அங்கே ஆடியது தாரிகா மட்டும்தான். அப்பாவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. அதனால்தான் அவரால் உட்கார முடிந்தது. இனி வாராவாரம் வருவார்.

நானும் போவேன். அவளைப் பார்க்கப் போவேன்.

உன்னைப் பார்க்க நான் எங்கே வருவது, சாமி?